ஒன்பது மடங்கும் ஐம்பத்தைந்து மடங்கும்

நியூ மெக்சிகோவின் வடகோடியில், ரட்டோன் என்னும் சிற்றூரை அடுத்து விட்டிங்டன் மையம் இருக்கிறது. ஏறத்தாழ 33,000 ஏக்கர். அதன் ஒரு பகுதியில் 1000 கஜம் வரை சுடுவதற்கான களங்கள். அதே நிலத்தின் மேட்டுக்காடுகளில், பருவம் வந்தால், எல்க் மான் வேட்டை. நெடுந்தூரச் சுடுதலுக்கு ஸ்கோப்பில் எத்தனை மடங்கு உருப்பெருக்கம் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே வேலிக்குள் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. மேட்டுக்காட்டுக்கு ஏறுகிறவரின் துப்பாக்கியில் பெரும்பாலும் 3–9×40 (மூன்று முதல் ஒன்பது மடங்கு, 40 மி.மீ. முன்வில்லை), அல்லது அதைவிடச் சற்றுப் பெரியது. களத்தில் குப்புறப் படுத்து எஃப்-கிளாஸ் போட்டியில் சுடுகிறவரிடம் நைட்ஃபோர்ஸ் நிறுவனத்தின் 15–55×52 போன்ற ஒன்று. முன்னதன் உச்சம் பின்னதன் தொடக்கத்தைக்கூட எட்டுவதில்லை. இவ்வளவு விலகி நிற்கும் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பதில் என்ன பயன் என்று தோன்றலாம். பார்க்கப் பார்க்க, விலகலைவிட உறவே வியப்பளிக்கிறது.

தூரம் கூடக் கூட உருப்பெருக்கமும் கூட வேண்டும் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் கணக்கு. நூறு கஜத்துக்கு ஒரு மடங்கு என்ற வாய்பாடு துப்பாக்கியாளரிடையே நெடுநாளாகப் புழங்குகிறது. அமெரிக்க மரைன் படையின் எம்40ஏ1 துப்பாக்கியில் இருந்த யூனெர்ட்டில் ஸ்கோப் நிலையான 10 மடங்கு உடையது. 1000 கஜத்துக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டார்கள். இந்த வாய்பாட்டை நம் இருவர் மீதும் வைத்துப் பார்த்தால் இருவருமே அதற்கு அடங்குவதில்லை. 300 கஜத்தில் சுடுகிற வேட்டைக்காரருக்கு மூன்று மடங்கு போதும். அவர் ஒன்பது வைத்திருக்கிறார். 1000 கஜத்தில் சுடுகிற போட்டியாளருக்குப் பத்து போதும். அவர் ஐம்பத்தைந்து வைத்திருக்கிறார். இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் பிஸ்லி களத்தில் மன்னர் பரிசுக்கான இறுதிச் சுற்று 900, 1000 கஜங்களில் நடக்கிறது. அங்கே சுடுகிறவர்கள் ஸ்கோப்பே இல்லாமல் துளைக்குறிகளைக் கொண்டு சுடுகிறார்கள். ஆயிரம் கஜத்துக்கு ஒன்றும் போதும், பத்தும் போதும், ஐம்பத்தைந்தும் வேண்டும் என்றால், தூரம் இந்த எண்ணைத் தீர்மானிக்கவில்லை என்றுதானே பொருள்?

இலக்கின் அளவு தீர்மானிக்கிறதா என்று அடுத்துப் பார்க்கலாம். இங்கேதான் முதல் வியப்பு காத்திருக்கிறது. அமெரிக்க எஃப்-கிளாஸ் விதிப்படி 1000 கஜப் பலகையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். அதற்குள் எக்ஸ் வளையம் 5 அங்குலம். மானின் மார்புக்கூட்டில் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியை வேட்டைக்காரர்கள் 8 முதல் 10 அங்குல வட்டமாகக் கொள்கிறார்கள். எல்க் பெரிது என்பதால் அதற்குக் கொஞ்சம் கூட. ஆக இருவரும் குறிவைக்கும் வட்டம், அங்குலக் கணக்கில், ஏறக்குறைய ஒன்றே. கோணக் கணக்கில் மட்டும்தான் வேறுபாடு. போட்டியாளரின் பத்து வளையம் ஏறத்தாழ ஒரு எம்.ஓ.ஏ. (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) அகலம்; 300 கஜத்தில் நிற்கும் மானின் வட்டம் ஏறத்தாழ மூன்று எம்.ஓ.ஏ. போட்டியாளருக்கு மும்மடங்கு நுணுக்கம் தேவை என்பது நியாயம். ஆனால் ஸ்கோப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி ஆறு மடங்கு. மிச்சத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

வேட்டைக்காரர் பக்கத்துக் காரணம் வெளிச்சம். எல்க் மான் பகலில் நிழல் காட்டில் படுத்துக்கிடந்து, விடியலிலும் அந்தியிலும் புல்வெளிக்கு இறங்குகிறது. அண்டை மாநிலமான கொலராடோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னும் மறைவுக்கு அரை மணி பின்னும் வரை பெருவிலங்கு வேட்டைக்கு அனுமதி உண்டு. பல வேட்டைகள் அந்த இரண்டு அரை மணிகளிலேயே முடிவாகின்றன. அப்போது கேள்வி, விலங்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட, தெரிகிறதா என்பதே. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ.; ஆறு மடங்குக்குக் குறைத்தால் 6.7 மி.மீ. இருட்டுக்குப் பழகிய இளங்கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரிகிறது. ஜெர்மானியர் இந்தக் கணக்கை அதன் முடிவு வரை கொண்டுபோனார்கள். அங்கே சட்டமே மான் வேட்டையைச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் வரை நீட்டுகிறது. காட்டுப்பன்றிக்கு அந்த வரம்பும் இல்லை. பரண்மேல் உட்கார்ந்து இருளில் காத்திருக்கும் அந்த மரபிலிருந்துதான் 8×56 என்ற புகழ்பெற்ற அமைப்பு வந்தது. 56-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 7. அந்த எட்டு எந்தத் தூரத்திலிருந்தும் பிறந்ததில்லை. மனிதக் கண்ணின் பாவையிலிருந்து பிறந்தது. வயதானவர்களுக்குப் பாவை ஐந்து மி.மீ. அளவுக்கே விரிவதால், அறுபதைத் தாண்டியவர் தூக்கிச் சுமக்கும் அந்தப் பெரிய வில்லையின் ஒளியில் ஒரு பகுதி அவர் கண்ணுக்குள் புகாமலே போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போட்டியாளரின் ஸ்கோப்பை இதே தராசில் வைத்தால்? 52-ஐ 55-ஆல் வகுக்க ஒரு மில்லிமீட்டர்கூட வருவதில்லை. அந்தியில் ஒன்பது மடங்கில் இருக்கும் வேட்டை ஸ்கோப்போடு ஒப்பிட்டால் கண்ணுக்குள் சேரும் பிம்பத்தின் பிரகாசம் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. விற்பனைப் பட்டியல்களில் ‘அந்தி எண்’ என்று ஒன்றைத் தருவார்கள்: உருப்பெருக்கத்தையும் வில்லை விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பது. அந்தக் கணக்கில் 9×40-க்கு 19, 55×52-க்கு 53. எண்ணை நம்பினால் போட்டி ஸ்கோப்தான் அந்தியின் அரசன். நம்பி மலையேறியவர் கரிய வட்டத்தையே காண்பார். இந்த எண்ணை ஒரே ரகத்தைச் சேர்ந்த இரண்டு ஸ்கோப்புகளுக்கிடையே மட்டும் ஒப்பிட வேண்டும். அதைத் தாண்டி நீட்டினால் வழிதவற வைக்கும். போட்டியாளருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அவர் களத்தில் சுடுவது பட்டப்பகலில். வெளிச்சம் அவருக்கு மிஞ்சிக் கிடக்கிறது. அவருக்குக் கிடைக்காதது அசையாத காற்று.

மண் சூடேறியதும் கானல் எழுகிறது. பத்து மடங்கில் மெல்லிய நடுக்கமாகத் தெரிவது ஐம்பது மடங்கில் கொதிக்கும் நீராகிவிடும். வளையங்கள் கரைந்து, நடு எங்கே என்பதே ஊகமாகும். வில்லையின் எல்லையையும் இங்கே கணக்கிடலாம். 52 மி.மீ. வில்லை, காற்றே இல்லாத நிலையிலும், ஏறத்தாழ 2.2 விகலைக்கு (எம்.ஓ.ஏ.வின் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை) நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக்காட்டாது. .308 குண்டு காகிதத்தில் போடும் துளை 1000 கஜத்திலிருந்து பார்க்க ஒன்றே முக்கால் விகலை. வெயில் காயும் தரையை ஒட்டிய காற்றோ அந்த எல்லையைக்கூட எட்டவிடுவதில்லை. ஆதலால் ஐம்பத்தைந்து மடங்கு இருந்தும் தான் போட்ட துளையை அவர் காண்பதில்லை. பலகைக்குக் கீழே பள்ளத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு சுடுதலுக்கும் பலகையை இறக்கி, துளையில் ஒரு வட்டத்தட்டைச் செருகி, மேலே ஏற்றிக் காட்டுகிறார்கள். மின்னணுப் பலகை வைத்த களங்களில் திரையில் புள்ளி விழுகிறது. மேட்டுக்காட்டிலும் நிலை இதுவே. குண்டு எங்கே பட்டது என்பதை வேட்டைக்காரர் துளையைப் பார்த்து அறிவதில்லை. விலங்கு முதுகை வளைத்ததா, பின்னங்காலை உதைத்ததா, தலை தாழ்ந்ததா என்று அதன் உடலைப் பார்த்து அறிகிறார். இரண்டு ஸ்கோப்புகளும் தம் வேலையின் முடிவைத் தாமே காட்டுவதில்லை. ஒருவருக்குப் பள்ளத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். மற்றவருக்கு விலங்கே சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஐம்பத்தைந்து மடங்கு எதற்கு? எஃப்-கிளாஸ் காரர்களிடையே இதில் இரு கட்சிகள் உண்டு. கானல் கொதிக்கும்போது உருப்பெருக்கத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. குறைத்தாலும் கானல் போய்விடுவதில்லை, அது கண்ணில் படாமல் போகிறது, அவ்வளவுதான். படட்டும், அதுவே சேதி என்பது மற்றொன்று. இரண்டாவது கட்சி சொல்வதில் ஆழமான உண்மை இருக்கிறது. கானல் காற்றோடு சேர்ந்து ஓடுகிறது. இடமிருந்து வலமாக அலை ஓடினால் காற்றும் அப்படி. நேர்மேலே கொதித்தால் குறுக்குக்காற்று ஓய்ந்துவிட்டது அல்லது திசை மாறப்போகிறது. மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று .308 குண்டை 1000 கஜத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும் என்பதால், இந்தச் சேதியைத் தவறவிடுபவர் பத்து வளையத்தைக் கனவில்தான் காண முடியும். உருப்பெருக்கத்தை அவர் வாங்கியது காகிதத்தைப் பெரிதாக்க என்று நாம் நினைத்தோம். காகிதத்துக்கும் தனக்கும் இடையே ஓடும் காற்றைப் படிக்கவும் அவர் அதை வைத்திருக்கிறார். காற்றைப் படிப்பதற்குப் பெரும்பாலோர் இருபது, இருபத்தைந்து மடங்கே உகந்ததென்று கருதுவதால், தனியே ஒரு நோக்குக்குழாயை அந்த அளவில் பக்கத்தில் நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு.

வேட்டைக்காரரும் இதே வேலையைச் செய்கிறார், வேறு எழுத்தில். அவருக்குக் கானல் இல்லாத குளிர்ந்த வேளை. எனவே புல் சாய்வதையும் ஆஸ்பென் இலை திரும்புவதையும் பார்க்கிறார். அதே 10 மைல் காற்று 300 கஜத்தில் குண்டை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய நகர்த்தும். நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு அது போதும். புல்லையும் இலையையும் காண வேண்டுமானால் விலங்கைச் சுற்றியுள்ள இடமும் பார்வையில் இருக்க வேண்டும். மூன்று மடங்கில் நூறு மீட்டருக்கு ஏறத்தாழ பதினொரு மீட்டர் அகலம் தெரிகிறது. ஒன்பதில் நான்கரை மீட்டர். ஐம்பத்தைந்தில் ஒரு மீட்டர்கூட இல்லை.

பார்வைப்புலம் சுருங்குவதால் வரும் தவறு இரண்டு இடங்களிலும் ஒரே முகத்தோடு நிற்கிறது. இந்த ஒப்பீட்டிலேயே என்னை மிகவும் ஈர்த்தது இதுதான். சுடுகளத்தில் பலகைகள் வரிசையாக எண்ணிட்டு நிற்கின்றன. உச்ச உருப்பெருக்கத்தில் கண்ணுக்குத் தன் பலகை மட்டுமே தெரிகிறது. கானலுக்குக் கொஞ்சம் துப்பாக்கியை நகர்த்தி, மூச்சை விட்டு, விசையை அழுத்தும்போது அது பக்கத்துப் பலகையாக இருந்துவிடுகிறது. அயல்பலகைச் சுடுதல் என்று அனுபவசாலிகளும் செய்து வெட்கப்படும் பிழை. நடுவில் பட்டிருந்தாலும் புள்ளி பூஜ்யம். மேட்டுக்காட்டில் மந்தை நிற்கிறது. இருநோக்கியில் தேர்ந்தெடுத்த காளையை உச்ச உருப்பெருக்கத்தில் ஸ்கோப்பில் தேடினால் மந்தையின் ஒரு சிறு பகுதி மட்டுமே தெரிகிறது. அது நகர்ந்து, அந்த இடத்தில் இன்னொன்று வந்து நின்றிருக்கலாம். பலகை வரிசைக்கும் மான் மந்தைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் பிழை ஒன்றே, காரணமும் ஒன்றே, மருந்தும் ஒன்றே. உருப்பெருக்க வளையத்தைத் திருப்பி எண்ணைக் குறைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பிறகு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த மருந்தை இருவருமே ஓயாமல் பயன்படுத்துகிறார்கள். வேட்டைக்காரர் நடக்கும்போது மூன்றில் வைக்கிறார். எதிர்பாராமல் ஐம்பது கஜத்தில் விலங்கு எழுந்தால் ஒன்பதில் வைத்த ஸ்கோப்பில் மயிரும் மங்கலும் மட்டுமே தெரியும். சுட்ட பிறகு உதைப்பில் விலங்கைத் தவறவிடாமலிருக்கவும் அவர் எண்ணைக் குறைத்தே வைக்கிறார். போட்டியாளரின் துப்பாக்கி, எஃப்-ஓப்பன் பிரிவில், பத்துக் கிலோ வரை கனக்கலாம்; தாங்கியின்மேல் கிடக்கிறது; உதைத்தாலும் பலகை அங்கேயே நிற்கிறது. அவரும் நண்பகலில் ஐம்பத்தைந்தை விட்டு முப்பது, முப்பத்தைந்துக்கு இறங்குகிறார். ஒருவரை இருள் கீழிறக்குகிறது. மற்றவரை வெயில் கீழிறக்குகிறது. கடையில் ஸ்கோப் வாங்குகிறவர் உச்ச எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார். அதில் தவறில்லை, உச்சத்துக்கும் ஒரு நேரம் உண்டு: ஓய்ந்த காலையில் போட்டியாளருக்கு, கொம்பின் கிளைகளை எண்ணிச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று உறுதிசெய்ய வேண்டிய கணத்தில் வேட்டைக்காரருக்கு. ஆனால் இருவருக்கும் என்னை வாங்கித் தரச் சொன்னால் நான் முதலில் கேட்பது கீழ் எண் என்ன என்பதையே.

நடுக்கம் பற்றிய ஒரு நம்பிக்கையையும் தொட்டுவிட வேண்டும். உருப்பெருக்கம் கூடினால் கை நடுங்குகிறது என்பார்கள். நடுக்கம் அதே அளவுதான், தெரிவதுதான் கூடுகிறது. தாங்கியில் துப்பாக்கியைக் கிடத்திச் சுடுகிறவருக்கு அந்தக் காட்சி உதவுகிறது: தன் நாடித்துடிப்பைக் குறுக்குக்கோட்டில் கண்டு, துடிப்புகளுக்கிடையே விசையை அழுத்தக் கற்கிறார். மூச்சிரைக்க ஏறி, முதுகுப்பையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்தவருக்கு அதே காட்சி பதற்றம் தருகிறது. கோடு நடுவைக் கடக்கும் கணத்தில் வெடுக்கென்று இழுத்துவிடுகிறார்.

இனி ஒற்றுமை முடிந்து போகும் இடம். .308 குண்டு 1000 கஜம் போக ஒன்றரை விநாடிக்கு மேலாகிறது. 500 கஜத்துக்கு அரை விநாடிக்கு மேல். காகிதத்துக்கு அந்த நேரம் ஒரு பொருட்டில்லை. மேய்கிற மானுக்கு அது ஒரு காலடி. சுட்டவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும், காற்றை எவ்வளவு சரியாகப் படித்தாலும், விசை அழுத்திய பின் விலங்கு எடுத்துவைக்கும் அந்த ஓர் அடியை அவரால் கணக்கில் கொள்ள முடியாது. போட்டியாளர் தவறினால் ஒரு புள்ளி போகும். வேட்டைக்காரர் தவறினால் ஒரு விலங்கு வயிற்றில் காயத்தோடு காட்டுக்குள் போகும். தியடோர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கழகம், விலங்கை நெருங்கும் திறனைக் கருவி பதிலீடு செய்யும் அளவுக்குப் போகும் நெடுந்தூரச் சுடுதலை வேட்டை அறத்துக்கு மாறானதென்று கருதுகிறது. நானும் அந்தப் பக்கமே. இருபத்தைந்து மடங்கு ஸ்கோப் 800 கஜத்து மானை முப்பது கஜத்தில் நிற்பதாகக் காட்டுகிறது. குண்டு கடக்க வேண்டிய காற்றிலும் நேரத்திலும் அது ஒரு கஜத்தைக்கூடக் குறைப்பதில்லை. உருப்பெருக்கத்தை ஏற்றிச் சுடுவதைவிட, விலங்கை அறிந்துகொள்ள ஏற்றிவிட்டு, நெருங்கிப்போய் இறக்கிச் சுடுவதையே நான் மதிக்கிறேன்.

கடைசியாக, குறுக்குக்கோடு. உருப்பெருக்கம் மாறும்போது கோடும் சேர்ந்து வளரும் அமைப்பு ஒன்று, முதல் குவியத் தளத்தில். கோடு மாறாமல் நிற்கும் அமைப்பு மற்றொன்று, இரண்டாம் குவியத் தளத்தில். அமெரிக்க வேட்டைக்காரர்களும் எஃப்-கிளாஸ் காரர்களும் பெரும்பாலும் இரண்டாவதையே தேர்கிறார்கள், காரணங்கள் எதிரெதிரானவை. முதல் அமைப்பில் மூன்று மடங்குக்கு இறங்கினால் கோடு நூலாகி அந்தியில் மறையும். அதை வேட்டைக்காரர் ஏற்கமாட்டார். அதே அமைப்பில் ஐம்பதுக்கு ஏறினால் கோடு தடித்துத் தெரிந்து எக்ஸ் வளையத்தில் ஒரு பகுதியை மறைக்கும். அதைப் போட்டியாளர் ஏற்கமாட்டார். இப்படி இரு முனைகளிலிருந்தும் வந்து ஒரே இடத்தில் சேர்ந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டாம் தளத்தில், கோட்டிலுள்ள அடையாளங்கள் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சொன்ன அளவைக் காட்டும்; பல ஸ்கோப்புகளில் அது உச்ச எண். பாதிக்கு இறக்கினால் ஒவ்வோர் அடையாளமும் இருமடங்கு கோணத்தை மூடுகிறது. 4–16 ஸ்கோப்பை இருட்டுக்காக எட்டுக்கு இறக்கிய ஒருவர், 500 கஜத்தில் நான்கு எம்.ஓ.ஏ. அடையாளத்தை விலங்கின்மேல் வைத்துச் சுட்டால் உண்மையில் எட்டு வைத்திருக்கிறார். குண்டு 21 அங்குலம் மேலே, முதுகைத் தாண்டிப் போகும். போட்டியாளருக்கு இந்தப் பள்ளம் தட்டுப்படுவதேயில்லை. அவர் உயரத்தை ஸ்கோப்பின் திருகியில் வைத்துவிட்டு, காற்றுக்குப் பலகையின் வளையங்களையே அளவுகோலாகக் கொள்கிறார், அவை எந்த உருப்பெருக்கத்திலும் ஒரே அளவுதான். விலங்கின் விலாவில் அப்படி எதுவும் வரைந்திருப்பதில்லை. ஆகவே அடையாளங்களை நம்பிச் சுடும் வேட்டைக்காரர்களில் கவனமுள்ளவர்கள், பருவத்துக்கு முன்பே ஒவ்வோர் உருப்பெருக்கத்திலும் காகிதத்தில் சுட்டுச் சரிபார்த்து, துப்பாக்கிக் கட்டையில் ஒட்டும் அட்டையில் எட்டுக்கு ஒரு வரிசை, பதினாறுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியே எழுதிக்கொள்கிறார்கள்.